கூட்டம் கூடிய நாளை விடுங்கள், அதற்கு முந்தைய கோப்பைப் படியுங்கள்

பயிற்சியில் இருக்கும் துணை ஆட்சியர் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “மக்கள் எழுச்சிகளிலிருந்து அரசுக் கொள்கையை வகுப்பவர்களும் நடத்துபவர்களும் என்ன கற்றுக்கொள்ளலாம்? வகுப்பில் துனிசியா, எகிப்து என்று பாடம் எடுக்கிறார்கள். நீங்கள் மதுரைப் பக்கம் வேலை பார்த்தவர். என்ன சொல்வீர்கள்?”

தம்பி, நான் வருவாய்த்துறையில் கிளார்க்காகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வுபெற்றவன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று தாலுகா ஆபீஸ்களிலேயே காலம் போனது. அரபு நாடுகளைப் பற்றி வகுப்பெடுக்கும் படிப்பு எனக்கில்லை. ஆனால் துனிசியாக் கதையின் தொடக்கத்தை உங்களுக்கு எப்படிச் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. 2010 டிசம்பர் 17 அன்று சிடி பூசிட் என்ற ஊரில், தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது பூவசீசியின் தராசையும் சரக்கையும் நகராட்சி ஆட்கள் பறித்துக்கொண்டார்கள். அவர் நேரே ஆளுநர் அலுவலகத்துக்கு முறையிடப் போனார். அங்கே அவரைப் பார்க்க மறுத்துவிட்டார்கள். அந்த வாசலிலேயே தீ வைத்துக்கொண்டார். 28 நாளில், 2011 ஜனவரி 14 அன்று, 23 வருஷம் ஆண்ட அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். நம் பாஷையில் சொன்னால், பறிமுதல் பண்ணியது நகராட்சி, மனு வாங்காதது கலெக்டர் ஆபீஸ். இரண்டாவது நடக்காமல் இருந்திருந்தால் முதலாவது ஒரு தெருச்சண்டையோடு போயிருக்கும்.

நான் சொல்லப்போவதெல்லாம் அந்த இரண்டாவதைப் பற்றித்தான். சனங்கள் ரோட்டுக்கு வந்த பிறகு போலீஸ் என்ன செய்தது, மந்திரி என்ன சொன்னார் என்பதையே எல்லாரும் ஆராய்கிறார்கள். அதற்கு ஆறு மாதம் முன்னால் எந்தத் தாள் எந்த மேஜையில் கிடந்தது என்பதை யாரும் தேடுவதில்லை. அலுவலகத்துக்குள் ஏற்கெனவே வந்துசேர்ந்த ஒரு சேதி மேலே ஏறாமல் நின்றுவிட்டால், அதுவே ஒரு நாள் கால் முளைத்து ரோட்டுக்கு வருகிறது. நான் பார்த்தவரை எழுச்சி என்பது இதுதான்.

சின்னதாக நடந்த ஒன்று. ஊர் பெயர் வேண்டாம். ஒரு கோடையில் பெண்கள் காலிக்குடங்களை வரிசையாக வைத்து பஸ்ஸை மறித்துவிட்டார்கள். நான் ஜீப்பில் போய் இறங்கினேன். வழக்கம்போல “முறையா மனு குடுத்திருந்தா நடவடிக்கை எடுத்திருப்போமே, எதுக்கு மறியல்?” என்றேன். ஒரு அப்பத்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டது: “எத்தன மனுய்யா குடுக்குறது? நீங்க வாங்குறீக, நம்பர் போட்டுக் குடுக்குறீக. நாங்க குடத்தத் தூக்கிக்கிட்டுத் தோட்டத்துக் கெணத்துக்கு நடக்குறோம்.” அன்று லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து, மனுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரே தெருவிலிருந்து ஏழு மனு வந்திருந்தது. ஏழும் ‘முடிவுற்றது’. எப்படி முடிவுற்றது? ‘மேல்நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டது.’ அனுப்பியதோடு நம் கணக்கில் அது முடிந்துவிடும். மாத அறிக்கையில் நிலுவை பூஜ்யம். அதில் மூன்றில் என் பச்சை மைக் கையெழுத்து இருந்தது. கோளாறு என்ன தெரியுமா? மோட்டாரின் சுருள்கம்பி எரிந்துபோயிருந்தது. கட்டிக் கொண்டுவந்து மாட்ட இரண்டு நாள் ஆனது.

பெரிய கதைக்கு வருவோம். 2022 நவம்பரில் மேலூர் தாலுகா அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேரை மாநில அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதலாவது. குன்றுகள், சமணர் படுகை, தமிழிக் கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில், ராசாளிகள், சுனைகள் எல்லாம் உள்ள இடம். ஊருக்குப் பெருமை. சரியாக இரண்டு வருஷத்தில், 2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயரிட்ட 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர், ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. பாரம்பரியத் தலமும் அதற்குள் அடக்கம்.

2023இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. ஏலத்துக்கு முன்னால் கிராமசபையைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இங்கே இல்லை. ஆக, விதிப்படி யாரும் தப்புச் செய்யவில்லை. விஷயம் வெடித்த பிறகு, ஏல வேலை நடந்த மாதங்களில் மாநிலம் எதிர்க்கவில்லை என்றது மத்திய அரசு. 2023 அக்டோபரிலேயே எதிர்த்து எழுதினோம் என்றது மாநில அரசு. கடிதங்கள் போயின, வந்தன. அரிட்டாபட்டிக்கு மட்டும் ஒரு தாளும் போகவில்லை.

சுரங்கம் இன்னும் தோண்டவே இல்லையே, அதற்குள் இவ்வளவு கோபமா என்று சென்னையிலும் டெல்லியிலும் சிலருக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்களுக்கு ஆச்சரியமில்லை. மேலூர்ப் பக்கத்துச் சனம் கிரானைட் குவாரிகள் கண்மாயையும் வாய்க்காலையும் என்ன பாடு படுத்தின என்று கண்ணால் பார்த்தது. 2012இல் கலெக்டராக இருந்த சகாயம் அனுப்பிய அறிக்கையும், 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்ததும் அங்கே டீக்கடைப் பேச்சு. போதாக்குறைக்கு அது பெரியாறு பாசனத்தின் கடைமடை. ஒருபோகத்துக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று வருஷாவருஷம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடம். அமைச்சகத்தின் கோப்பில் முதல் பக்கம் ஏலம். ஊரின் கோப்பில் முதல் பக்கம் மூடிப்போன கண்மாய். இந்த இரண்டாவது கோப்பைப் புரட்டத் தெரிந்தவர் தலையாரியும் வி.ஏ.ஓ.வும்தான். அவர்களைக் கேட்டிருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார்கள்.

அப்புறம் நடந்தது தேதிவாரியாகவே பாடம். 2024 நவம்பர் 23இல் கிராமசபைத் தீர்மானங்கள். டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம். டிசம்பர் 24இல் அமைச்சகம் இறங்கிவருகிறது: பல்லுயிர்ப் பகுதியை மட்டும் விலக்கி எல்லையைத் திருத்தலாமா என்று பார்க்கச் சொல்கிறது. காகிதத்தில் இது நியாயமான சமரசம். நவம்பர் முதல் வாரத்தில் ஊருக்கு வந்து இதைச் சொல்லியிருந்தால் பேச்சுவார்த்தைக்காவது இடம் இருந்திருக்கும். டிசம்பர் கடைசியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குள் ஊர்ப் பெரியவர்களான அம்பலக்காரர்கள் கூடி, மந்தையில் கூட்டம் போட்டு, ஊர் ஊராக முடிவெடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கமிருந்து நடந்தும் டூவீலரிலும் டிராக்டரிலும் தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம்வரை வந்தார்கள். போலீஸ் வழக்குப் போட்டது. பிறகு அரசே அவற்றைத் திரும்பப் பெற்றது. ஜனவரி 23 அன்று ஏலமே ரத்து.

கவனியுங்கள், கொடுக்க மறுத்த ஒன்றின் விலை வாராவாரம் ஏறுகிறது. காய்கறிச் சந்தையில் சாயந்திரம் விலை இறங்கும். இந்தச் சந்தையில் நேர்மாறு.

ஜல்லிக்கட்டில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மதுரைப் பக்கத்துக்கு ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு சொன்னது. முல்லைப் பெரியாறில் 142 அடி தேக்கலாம் என்பது ஒன்று, ஜல்லிக்கட்டு கூடாது என்பது இன்னொன்று. “ஒரு கையால தண்ணியக் குடுத்து மறு கையால காளையப் பிடிச்சுக்கிட்டாங்க” என்று ஆபீஸில் பேசிக்கொண்டோம். அதன் பிறகு மூன்று பொங்கல் வாடிவாசல் திறக்காமலே போனது. நடுவில் 2016 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டு அனுமதித்தது. ஐந்தாறு நாளில் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. ஒரேயடியாக இல்லை என்பதைவிட, கொடுத்துப் பிடுங்குவது மோசம். மாடு வளர்த்தவன் அந்த வாரம் தவிட்டுக்கும் பருத்திக்கொட்டைக்கும் செலவழித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். 2017இன் கணக்கில் பெரும்பகுதி அந்தச் சில நாட்களில் ஏறிய வட்டி என்பது என் எண்ணம்.

2017 ஜனவரி 16இல் அலங்காநல்லூரில் உட்கார்ந்தார்கள். மறுநாள் மெரினா, பிறகு மதுரைத் தமுக்கம் மைதானம், வைகைப் பாலத்தின் மேல் நின்றுபோன ரயில். அவசரச் சட்டம் வேண்டும் என்பதுதான் முதலில் கேட்டது. ஜனவரி 19இல் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் டெல்லி போய்ப் பிரதமரைப் பார்த்தார். 21இல் அவசரச் சட்டம் வந்துவிட்டது. ஜல்லிக்கட்டைத் தொடங்கிவைக்க முதல்வரே மதுரைக்கு வந்தார். வாடிவாசலைத் திறக்க ஊர் சம்மதிக்கவில்லை. இப்போது கேட்டது நிரந்தரச் சட்டம். அவர் சென்னைக்குத் திரும்பினார். ஐந்து நாளில் கோரிக்கை ஒரு படி ஏறியிருந்தது. இதைப் பேராசை என்று சொன்ன அதிகாரிகளை எனக்குத் தெரியும். 2016இல் ஒருமுறை ஏமாந்தவன் ‘தற்காலிகம்’ என்ற வார்த்தையை நம்ப மாட்டான், அவ்வளவுதான். 23ஆம் தேதி காலையில் தடியடி. அன்றே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரி பரந்தாமன் மெரினாவுக்கே போய், அவசரச் சட்டம் எப்படி நிரந்தரச் சட்டமாகும் என்று விளக்கினார். அதே விளக்கத்தை இரண்டு நாள் முன்னால் ஒரு மைக்கைப் பிடித்து ஓர் அதிகாரி சொல்ல முடியாமல் போனது ஏன்? சொல்ல யாருக்கும் உத்தரவு இல்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்பதைத் தவிர வேறு வாக்கியம் நமக்குப் பழக்கமில்லை.

அந்தப் போராட்டம் இன்னொன்றும் காட்டியது. மறியல் என்றால் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது “யாருப்பா தலைவர்?” ஐந்து பேரைப் பிரித்தெடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூட்டிவந்து, டீ வாங்கிக் கொடுத்து, அமைதிப் பேச்சுவார்த்தை நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்து வாங்குவது நம் முறை. தமுக்கத்தில் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளிடம் அந்த ஐந்து பேர் இல்லை. யார் வந்து சமரசம் பேசினாலும் “உன்னை யார் அனுப்பினது?” என்றார்கள். தலைவர் இல்லாத கூட்டத்தோடு அறைக்குள் பேச முடியாது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, எல்லாரும் படிக்கிற மாதிரித்தான் பேச முடியும். வரைவுச் சட்டத்தின் முழு வாசகத்தையும் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுப்பது அந்த மாதிரிப் பேச்சு.

வாசகம் என்றதும் 1965. கோப்பு எழுதுகிறவர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியது இது. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு 1959இல் நாடாளுமன்றத்தில் உறுதி சொன்னார். 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது அதில் இருந்த சொல், ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்பது. ‘தொடர வேண்டும்’ என்று போடுங்கள் என்று அண்ணா உள்ளிட்டவர்கள் கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பதில் வந்தது. ஒன்றுதான் என்றால் மாற்றிப் போட்டிருக்கலாமே! 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்துக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் நடந்த மோதலில் பற்றிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது. முதல்வர் பக்தவத்சலம் அதைச் சட்டம் ஒழுங்கு விஷயமாகவே பார்த்தார். துப்பாக்கிச் சூடுகள், ராணுவம், மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியம், ஓ.வி. அளகேசன் ராஜினாமா. பிப்ரவரி 11இல் பிரதமர் சாஸ்திரி வானொலியில் நேருவின் உறுதிமொழியைத் திரும்பச் சொன்னார். 1967 தேர்தலில் காங்கிரஸ் தமிழகத்தில் தோற்றது. அதற்கப்புறம் இங்கே ஆட்சிக்கு வரவே இல்லை. சட்டத்தை 1967 கடைசியில் திருத்தினார்கள். ‘லாம்’ என்ற விகுதிக்குக் கொடுத்த விலை இவ்வளவு.

உசிலம்பட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது வேறொரு விதமாக இதைக் கற்றேன். ஏதோ ஒரு திட்டத்துக்குப் பயனாளிகளிடம் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு “ரேகை எதுக்குய்யா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் கேட்டார். பெருங்காமநல்லூர் அங்கிருந்து தூரமில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை அந்த ஊர் சனம் ‘ரேகைச் சட்டம்’ என்றே சொல்லும். ஒரு சாதியில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ரேகை பதியவேண்டும், ராத்திரியில் போலீஸ் கண்பார்வையில் படுக்கவேண்டும் என்ற சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பதிய மறுத்தவர்களைச் சுட்டதில் 16 பேர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் அந்தச் சட்டத்தை எதிர்த்து இவர்களுக்காக நின்றதால் ‘ரோசாப்பூ துரை’ ஆனார். சீரமைப்பு என்ற பெயரில் அரசு திறந்த கள்ளர் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன. சட்டம் நீங்க 1947 ஆனது. அந்தப் பெரியவரின் கேள்விக்கு நான் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பதில் சொன்னேன். அந்தத் தெருவில் மற்ற எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வேலை சுலபமாக முடிந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கூட்டம் கூடினால் கொடுத்துவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் தப்பான பக்கமும் நிற்கும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல். பஞ்சாயத்துத் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கியதை ஏற்காமல் 1996இலிருந்து பத்து வருஷம் தேர்தலை ஒழுங்காக நடக்கவிடாமல் வைத்திருந்த ஊர்கள். மனுத்தாக்கல் செய்ய ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. அதுவும் ஊர் கூடி எடுத்த முடிவுதான், அதுவும் ஒற்றுமைதான். 1997இல் மேலவளவில் தலித் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டதை நினைத்துப் பார்த்தால் அந்த ஒற்றுமையின் மறுபக்கம் தெரியும். 2006இல் மதுரைக் கலெக்டராக இருந்த உதயச்சந்திரன் காலத்தில் அந்த நான்கு ஊரிலும் தேர்தல் நடந்தது. ஒதுக்கீட்டில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போனார்கள், உட்கார்ந்தார்கள், திரும்பத் திரும்பப் பேசினார்கள். காது கொடுப்பதும் கோரிக்கையைக் கொடுப்பதும் வேறு வேறு வேலை. இரண்டாவதைச் செய்ய நேரிடுமோ என்ற பயத்தில்தான் பல அதிகாரிகள் முதலாவதையே செய்யாமல் விடுகிறார்கள்.

தூத்துக்குடியைப் பற்றி நிறைய எழுத மனசில்லை. ஒன்று மட்டும். ஸ்டெர்லைட் ஆலைக்கு இசைவு புதுப்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018 ஏப்ரலிலேயே மறுத்துவிட்டது. மே 22இல், போராட்டத்தின் நூறாவது நாளில், 13 உயிரைப் பறித்த துப்பாக்கிச் சூடு தொடங்கியபோது ஆலை ஓடிக்கொண்டிருக்கவில்லை. சனங்கள் கேட்டதில் பாதி ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. அது நிரந்தரம் என்று சொல்லி நம்பவைக்க ஓர் ஆள் இல்லை. மூடும் உத்தரவு மே 28இல் வந்தது. இந்த ஆறு நாளை உங்கள் பயிற்சி நிலையத்தில் ஒரு முழு வாரம் பாடமாக வைத்தாலும் தகும்.

வெளிநாட்டு உதாரணம்தான் வேண்டுமென்றால் துனிசியாவைவிட வங்கதேசம் நமக்குக் கிட்டம். 2024 ஜூனில் அரசு வேலையில் விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கான 30 சதவீத ஒதுக்கீட்டை உயர் நீதிமன்றம் உயிர்ப்பித்தது, மாணவர்கள் இறங்கினார்கள். ஜூலை 21இல் உச்ச நீதிமன்றம் அதை 5 சதவீதமாகக் குறைத்தது. கேட்டது ஏறக்குறைய கிடைத்துவிட்டது. ஆனால் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். கோரிக்கை பிரதமர் விலக வேண்டும் என்று மாறிவிட்டது. ஆகஸ்ட் 5இல் ஷேக் ஹசீனா கிளம்பினார். அலங்காநல்லூரில் வாடிவாசல் திறக்காத அதே கணக்கு.

நீங்கள் பொறுப்பெடுத்ததும் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதை ஓரமாக வையுங்கள். ஒரே ஊரிலிருந்து, ஒரே விஷயத்துக்கு, மூன்று தடவைக்கு மேல் வந்த மனுக்கள் எவை என்று கேளுங்கள். அப்படி ஒரு கலம் கணினியில் இல்லை சார் என்பார்கள். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். பதிவேட்டை வாங்கி, ஒரு சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு நீங்களே உட்காருங்கள். ஒரு தாலுகாவுக்கு அரை நாள் ஆகும். ஊர் பெயர்களுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், அடுத்த மறியல் எந்த பஸ் ரூட்டில் என்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தெரிந்துவிடும்.